தரையில் படுத்த விருந்தாளிகள்

பினாங்கு விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டிக்குள் கையை விட்டு வெளியே எடுத்தது ஒரு பித்தளைச் செம்பு. திருப்பிப் பார்த்தார், விரலால் தட்டிப் பார்த்தார், உள்ளே எட்டிப் பார்த்தார். "இதில் என்ன கொண்டுவந்தீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "ஒன்றுமில்லை, இங்கே வந்துதான் பால் ஊற்றப் போகிறோம்" என்றேன். "ஓ, தைப்பூசம்!" என்று மலர்ந்துபோய், அவரே துண்டில் சுற்றி உள்ளே வைத்துப் பெட்டியை மூடிக் கொடுத்தார். இருபத்தாறு வருடமாக ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஊரார் மூட்டைகளை முறைத்துப் பார்த்தவன் நான். என் மூட்டைக்கு இவ்வளவு மரியாதை கிடைத்ததில் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது.

செம்பு என் தங்கை மங்கைக்கு. கல்யாணமாகிப் பினாங்குக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. மாப்பிள்ளை செல்வத்தின் முதுகு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்காக, தண்ணீர்மலை முருகனுக்கு இந்தத் தைப்பூசத்தில் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தாள். செம்பு கும்பகோணத்திலிருந்துதான் வர வேண்டும், அண்ணன் கையால்தான் வர வேண்டும் என்று கடிதம் போட்டாள். லீவு சேர்ந்து கிடந்தது, புறப்பட்டுவிட்டேன்.

பாயான் பாருவில் அவர்கள் வீடு. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பக்கத்து வீட்டிலிருந்து மீன் பொரியும் வாசனை வந்து என்னை வரவேற்றது. உள்ளே போனால் சாம்பார்.

"மச்சான், மங்கை காப்புக் கட்டிருக்கு. பூசம் முடியிற வரைக்கும் நமக்கும் கத்திரிக்காயும் கங்கோங் கீரையும்தான்" என்றார் செல்வம். அவர் குரலில் பல நாள் பசி தெரிந்தது.

மங்கையின் வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. விரதம் தொடங்கிய அன்று கோயிலில் கட்டியது. கவுச்சி கிடையாது, பாயில்தான் படுக்கை, ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. நாற்பத்து நான்கு வயதில் அவள் கண்டிப்பு ஒரு தலைமையாசிரியையின் கண்டிப்பாக மாறியிருந்தது. அப்படிப்பட்டவள், என் தட்டில் இரண்டாவது கரண்டி கீரையை வைத்துவிட்டு, ஒரு உறையைக் கொண்டுவந்து நீட்டினாள்.

அவள் வேலை பார்க்கும் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையின் ஆண்டு விருந்தில் குலுக்கல் நடந்திருக்கிறது. மங்கைக்கு மூன்றாம் பரிசு: பத்து பெரிங்கி என்ற ஊரின் கடற்கரையில் ஒரு ஹோட்டலில் இரண்டு பேருக்கு இரண்டு இரவு. இந்த வாரத்தோடு சீட்டு காலாவதியாகிறது. செல்வத்தால் வர முடியாது. "நான் போயிட்டா கிலாங் பஸ்ஸ யாரு ஓட்டுறது?" என்றார். கிலாங் என்றால் தொழிற்சாலை. பூசக் கூட்டத்தில் டிரைவருக்கு லீவு கிடைக்காதாம்.

"விரதத்துல ஹோட்டலுக்குப் போகலாமா? எல்லை தாண்டக் கூடாதுன்னியே?" என்று கேட்டேன்.

"தீவுக்குள்ளதானே மச்சான். கடலைத் தாண்டலையே" என்று செல்வம் தீர்ப்புச் சொன்னார். பரிசை வீணாக்குவதுதான் பெரிய பாவம் என்பது அவர் கட்சி.

மங்கைக்கு ஹோட்டல்கூட முக்கியம் இல்லை. "அதே மொதலாளிக்கு அங்க மூணு ஹோட்டல் இருக்குண்ணே. நமக்குக் கெடச்சது சின்னது. பெரிய ஹோட்டல்ல நீச்சல் குளத்துல சறுக்கு இருக்கு. மூணு மாடி ஒசரம், ரெண்டு சுத்து சுத்தி தண்ணில விழும். கம்பெனி பேமிலி டே அன்னிக்கு வேலிக்கு வெளியே நின்னு ஒரு மணி நேரம் பார்த்தேன். பதினேழு வருஷமா நகராம உக்காந்து பூதக்கண்ணாடி வழியா மயிரு மாதிரி ஒயர ஒட்டுறேன். ஒரு தடவ சர்ர்ருன்னு போகணும்லா."

நான் வாய்க்குக் கொண்டுபோன கீரையைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பதினான்கு வயது, அவளுக்கு ஒன்பது. திருச்சியில் பொருட்காட்சி. கோணிப்பையில் உட்கார்ந்து இறங்கும் பெரிய சறுக்குமரம் ஒன்று போட்டிருந்தார்கள். அப்பா ஆளுக்கொரு டிக்கெட் வாங்கிக் கொடுத்துவிட்டு வெற்றிலை வாங்கப் போனார். நான் மங்கையிடம், "பாவாடை கட்டினவங்கள ஏத்த மாட்டாங்களாம்" என்று சொல்லி, அவள் டிக்கெட்டையும் வாங்கிக்கொண்டு இரண்டு தடவை சறுக்கினேன். அவள் கீழே என் செருப்பைப் பிடித்துக்கொண்டு, நான் இறங்கும்போதெல்லாம் கைதட்டினாள். பிறகு ஆயிரக்கணக்கானவர்களை டிக்கெட் இல்லையென்று இறக்கிவிட்டிருக்கிறேன். என் முதல் டிக்கெட் குற்றம் மட்டும் யாரிடமும் பிடிபடவில்லை.

இந்தத் தடவை அவளைச் சறுக்க வைக்காமல் ஊர் திரும்புவதில்லை என்று அந்தக் கீரைச் சோற்றின் மேல் முடிவு செய்தேன்.

மறுநாள் மத்தியானம் ஹோட்டலில் இறங்கினோம். வரவேற்பு மேசையில் ஒரு மலாய்ப் பெண், காதோரம் பூ வைத்திருந்தாள். பரிசுச் சீட்டைக் கொடுத்ததும் இரண்டு பேருக்கும் ஆரஞ்சு ஜூஸ் வந்தது. மங்கை குடிக்கட்டும் என்று விட்டுவிட்டு நான் விசாரணையில் இறங்கினேன்.

"இந்த ஹோட்டலில் தங்குகிறவர்கள் அந்தப் பெரிய ஹோட்டல் குளத்தில் குளிக்கலாமா?"

"தாராளமாக. மூன்று ஹோட்டல் விருந்தாளிகளும் மூன்று குளத்தையும் பயன்படுத்தலாம்."

"பரிசுச் சீட்டில் வந்தவர்களும்?"

"எல்லாரும் விருந்தாளிகள்தான் சார்."

"சறுக்கு?"

"சறுக்கும்தான்."

"அங்கே கேட்டால் எதைக் காட்டுவது?"

"அறைச் சாவியைக் காட்டினால் போதும்."

எனக்குத் தலை சுற்றியது. இரண்டாம் வகுப்பு டிக்கெட்டை வைத்துக்கொண்டு முதல் வகுப்பில் போய்க் காலை நீட்டலாம் என்று ஒரு நிர்வாகமே சொல்கிறது! எங்கள் ரயிலில் இதைச் சொன்னால் அன்றைக்கே ஊரே முதல் வகுப்பில் இருக்கும். மூன்றாவது முறையும் கேட்டேன். அந்தப் பெண் அப்போதும் சிரித்தபடியே பதில் சொன்னாள். மங்கை என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"விடுங்கண்ணே, பாவம்லா அந்தப் பொண்ணு."

அறையில் இரண்டு கட்டில், வெள்ளைவெளேரென்று விரிப்பு. தலையணைமேல் சாக்லேட் வைத்திருந்தார்கள். மங்கை அதையெல்லாம் சுற்றிப் பார்த்துப் பூரித்துவிட்டு, பையிலிருந்து கோரைப்பாய் இரண்டை எடுத்துத் தரையில் போட்டாள்.

"ரெண்டு எதுக்கு?"

"நீங்களும் தரையிலதான் படுப்பீங்கன்னு தெரியும்ண்ணே."

அது உண்மைதான். தங்கை தரையில் படுத்திருக்க நான் எப்படி மெத்தையில் புரளுவது? ஆனால் முதுகு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்ததை மறைக்க முடியாது.

சாப்பாட்டுக்கூடத்தில் இன்னொரு சோதனை. ஒரு மேசையில் சாத்தே, கரியில் வாட்டிய குச்சிக் கறி, மணம் என் மூக்கைப் பிடித்து இழுத்தது. நாங்கள் தட்டு நிறைய ரொட்டியும் பப்பாளியும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். பரிமாறுகிறவர் இரண்டு தடவை வந்து, சமையல் பிடிக்கவில்லையா என்று கவலையோடு கேட்டார். "பிடிக்கிறது, அதுதான் பிரச்சினை" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

அடுத்த நாள் காலையில் மங்கை வழக்கம்போல விடிவதற்கு முன்பே எழுந்துவிட்டாள். குளித்து முடித்ததும் குளியலறையைத் துடைத்து உலர்த்தினாள். நாங்கள் வீட்டிலிருந்து கொண்டுபோன துண்டும் சோப்பும்தான் உபயோகித்தோம், ஹோட்டல் சோப்பைப் பிரித்தால் வீண் என்றாள். டீ குடித்த கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்தாள். பாய்களைச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள். பெட்டியையும் பையையும் நான் தூக்கிக்கொண்டேன்.

"சறுக்குக்கு எதுக்குண்ணே பெட்டி?"

"சாமானைப் போட்டுட்டு எழுந்து போறதா? ரயில்ல அப்படிப் போய்ட்டு வந்து அழுதவங்களை நான் பார்த்திருக்கேன். வீட்டுல எடுத்து வைக்க மறந்த செம்பு வேற உள்ள இருக்கு."

ஹோட்டலுக்கு ஹோட்டல் போகும் வேன் பதினோரு மணிக்குத்தானாம். மங்கையால் அதுவரை பொறுக்க முடியவில்லை. சாலைக்கு வந்து நீலப் பேருந்து ஒன்றில் தாவி ஏறினோம். ஏறிய பிறகுதான் அது எதிர்த்திசையில் போவது தெரிந்தது. தெலுக் பஹாங் என்ற மீனவர் ஊரில் கொண்டுபோய் இறக்கிவிட்டது. அங்கே ஒரு கடையில் வாழை இலையில் சுற்றி மீன் சுட்டுக்கொண்டிருந்தார்கள். மங்கை மூக்கைப் பொத்திக்கொண்டாள், நான் மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டேன். விரதத்தில் முகர்வதற்குத் தடை இருப்பதாக யாரும் சொல்லவில்லை.

திரும்பும் பேருந்தில் அவசரப்பட்டு ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிட்டோம். கடற்கரையோடு நடந்தால் நடுவில் ஒரு ஓடை. கணுக்கால் அளவுதான் என்று மங்கை சொன்னதை நம்பிப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கினேன், இடுப்பு வரை போயிற்று. கல்லுக்குக் கல் தாவி அக்கரை சேர்ந்து நின்று அவள் சிரித்த சிரிப்பில் வெயில் காய்ந்துகொண்டிருந்த வெள்ளைக்காரர்கள் எழுந்து பார்த்தார்கள். பாறை மறைவில் நனைந்த காற்சட்டையை மாற்றி வேட்டியைக் கட்டிக்கொண்டேன்.

பெரிய ஹோட்டலின் குளத்து வாசலை அடைந்தபோது நாங்கள் இருந்த கோலத்தைச் சொல்ல வேண்டும். வேட்டி கட்டிய ஒரு ஆள், கையில் பெட்டி, தோளில் ஈரக் காற்சட்டை. பக்கத்தில் தொழிற்சாலை விளையாட்டு விழா பனியனும் முழுக்காற்சட்டையும் போட்ட ஒரு பெண்மணி, பைக்கு வெளியே பாய் நீட்டிக்கொண்டிருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் சறுக்கு, நீல நிறத்தில், வானத்துக்கு நின்றது. ஒரு பெரியவர் அதில் அலறிக்கொண்டே வந்து விழுந்தார். மங்கை என் கையை இறுகப் பிடித்தாள்.

வாசலில் துண்டு கொடுக்கும் கூண்டுக்குள் ஐம்பது வயதுச் சீனப் பெண்மணி ஒருவர் இருந்தார். சட்டையில் 'லிம்' என்று பெயர்ப்பட்டை. நான் சாவியை நீட்டினேன். அவர் எண்ணைப் பார்த்துவிட்டு டெலிபோனைச் சுழற்றினார். பேசப் பேச அவர் புருவம் உயர்ந்தது.

பேச்சு மலாயில். மங்கை எனக்கு மொழிபெயர்த்தாள்.

"அந்த அறையில் யாரும் இல்லையாம்."

"இல்லைதான். நாங்கள் இங்கே இருக்கிறோமே" என்றேன்.

"ராத்திரி யாருமே தங்கவில்லையாம். கட்டில் கலையவில்லை. சோப்பு பிரிக்கவில்லை. துண்டு நனையவில்லை. சாமான் ஒன்றுகூட இல்லை. பரிசுச் சீட்டில் வந்தவர்கள் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று காலையிலிருந்து தேடுகிறார்களாம்."

லிம் சாவியைப் பார்த்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார்.

அந்தப் பார்வை எனக்கு அத்துப்படி. பெட்டியும் கையுமாக நிற்கிறவனை மேலும் கீழும் அளக்கும் பார்வை. அதை நான் வருடக்கணக்கில் பார்த்திருக்கிறேன், ஆனால் பார்க்கிற பக்கத்திலிருந்து. "சார், நம்புங்க சார்" என்று சொன்ன ஒருவரையாவது நான் நம்பியிருக்கிறேனா என்று யோசித்தேன். ஒரு முகம்கூட நினைவுக்கு வரவில்லை. வெட்கமாகப் போய்விட்டது.

"அம்மா, நம்புங்கள். அங்கேதான் படுத்திருந்தோம்" என்றேன்.

"எங்கே? கட்டிலில் இல்லையே?"

தரையில் என்று சொன்னால் பைத்தியம் என்றுதான் நினைப்பார். கடற்கரை ஹோட்டலில் இரண்டு கட்டில் இருக்கத் தரையில் யார் படுப்பார்கள்?

மங்கை சறுக்கை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். "வாங்கண்ணே, போயிரலாம். கரச்சல் வேணாம். போன தடவ மாதிரி வெளிய நின்னு பார்த்துக்கலாம்லா." சொல்லிவிட்டு, எனக்குத் தெரியக் கூடாதென்று முகத்தைத் திருப்பிப் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். முப்பத்தைந்து வருடம் கழித்து, இன்னொரு சறுக்குமரத்தின் அடியில், மறுபடியும் என்னால் அவள் நிற்கிறாள்.

துடைத்த அந்தக் கையைத்தான் லிம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூண்டிலிருந்து எட்டி மங்கையின் மணிக்கட்டைப் பிடித்தார். மஞ்சள் கயிற்றை விரலால் தொட்டார். பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாயைப் பார்த்தார்.

"தரையிலா படுத்தீர்கள்?"

மங்கை தலையாட்டினாள்.

லிம் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றினார். ஆண்கள் கட்டுகிற மாதிரி அகலமான தோல்வார். அதன் அடியில், வெளுத்த தோலில், மஞ்சள் கயிறு.

"என் கட்டிலும் ஒன்பது நாளாகக் கலையவில்லை" என்றார்.

நான் நின்ற இடத்திலேயே சிரிக்க ஆரம்பித்தேன். மங்கை அழுதுகொண்டே சிரித்தாள். கணவருக்கு இதயக் கோளாறு, மூன்றாவது வருடமாகப் பால்குடம் எடுக்கிறேன் என்று லிம் சொன்னார். வேலை நேரத்தில் கையில் கயிறு தெரியக் கூடாது என்பதால் கணவரின் கடிகாரத்தை மாட்டிக்கொள்கிறாராம். நான் வாயைப் பிளந்ததைப் பார்த்து மங்கை, "இங்க சீனவங்களும் நெறைய பேரு எடுப்பாங்கண்ணே. எனக்கு முன்னாடி மலையேறிருவாங்க பாருங்க" என்றாள், இது என்ன அதிசயம் என்கிற மாதிரி.

லிம் அக்கா (அதற்குள் அக்கா ஆகிவிட்டார்) மறுபடி டெலிபோனைச் சுழற்றினார். இந்தத் தடவை குரலில் சூடு ஏறியிருந்தது. மங்கை மொழிபெயர்த்தாள்: "உங்கள் விருந்தாளிகள் எங்கேயும் ஓடவில்லை. நேர்த்திக்கடன், தரையில் படுத்தார்கள். அறையை இவ்வளவு சுத்தமாக வைத்ததற்கு நன்றி சொல்லாமல் திருடர்கள் என்கிறீர்களா? கட்டிலைப் பார்த்தா ஆளை எண்ணுவது?" மறுமுனையில் காதோரம் பூ வைத்த பெண் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும், லிம் அக்கா மெல்ல இறங்கி வந்தார்.

நான் பெட்டியைத் திறந்து செம்பைக் காட்டினேன். அக்கா அதைத் தட்டி, ஓசையைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, தன்னுடையது வெறும் எவர்சில்வர் என்று ஏக்கத்தோடு சொன்னார். அதைக் கூண்டுக்குள் தன் நாற்காலிக்கு அருகே பத்திரமாக வைத்தார்.

பிறகு இரண்டு துண்டும், சிவப்பு நிறத்தில் இரண்டு வில்லைகளும் கொடுத்தார். இங்கே தங்குகிறவர்கள் எத்தனை தடவை வேண்டுமானாலும் சறுக்கலாம், மற்ற ஹோட்டல் விருந்தாளிகளுக்கு ஒரு நாளைக்கு ஆளுக்கு ஒரு வில்லை, ஒரு வில்லைக்கு ஒரு தடவை. காப்பு வேறு, விதி வேறு என்று சிரிக்காமல் சொன்னார். அந்தக் கறார் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

மங்கை மேலே போனாள். படிகளில் அவள் பனியன் சிறியதாகிக்கொண்டே போயிற்று. உச்சியில் ஒரு நிமிடம் காணவில்லை. பிறகு "முருகா!" என்று ஒரு கூச்சல், முதல் சுற்றில் கேட்டது, இரண்டாம் சுற்றில் கேட்டது, கடைசியில் தண்ணீரோடு சேர்ந்து வெடித்தது. மூழ்கி எழுந்தவளுக்கு மூச்சு வாங்கியது, கொண்டை அவிழ்ந்து தொங்கியது, ஒன்பது வயது முகம்.

நான் குளத்தோரம் குந்தி என் வில்லையை நீட்டினேன்.

"இதையும் நீயே போம்மா."

"ஏன்ண்ணே? நீங்க?"

சொல்லிவிட்டேன். பொருட்காட்சி, அப்பா, வெற்றிலை, இரண்டு டிக்கெட், பாவாடை எல்லாவற்றையும். யார் மேலும் பழி போடாமல், ஒரே மூச்சில் சொன்னேன். அவள் இடுப்பளவு தண்ணீரில் நின்று முழுவதும் கேட்டாள்.

"அப்ப அந்த ரூலே பொய்யா?"

"பொய்தான்."

"இத்தன வருஷமா நான் எம் பொண்ணு கிட்டகூட சொல்லிருக்கேன்லா, அந்தக் காலத்துல இப்படில்லாம் இருந்துச்சுன்னு!"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பரவாயில்லை அண்ணே, நீங்களே போங்க என்று சொல்லுவாள் என ஒரு நப்பாசை இருந்தது, மறைப்பானேன். அவள் சொல்லவில்லை. ஈரக் கையை நீட்டி வில்லையை வாங்கிக்கொண்டாள். கரையேறி, ஓரத்தில் விட்டிருந்த தன் செருப்பை எடுத்து என் கையில் கொடுத்தாள். விறுவிறுவென்று படியேறினாள்.

லிம் அக்கா கூண்டிலிருந்து வந்து என் பக்கத்தில் நின்றார். உச்சியில் மங்கை இரண்டு கையையும் வாயருகே குவித்து, குளத்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்:

"அண்ணே! வேட்டி கட்டினவங்கள ஏத்த மாட்டாங்களாம்!"

அவள் வளைந்து வளைந்து இறங்கிக்கொண்டிருக்க, நான் செருப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைதட்டினேன்.

என்ன சொல்கிறாள் என்று லிம் அக்கா கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். அவர் சுவரில் இருந்த விதிப் பலகையை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படித்துப் பார்த்தார்.

"அப்படி ஒரு விதி இல்லையே?"

"இருக்கிறது அக்கா" என்றேன். "நான்தான் போட்டேன்."